ஸ்டெல்லர் கடற்கழுகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கும் நண்பர்களும், பள்ளிகளில் படம் காட்டிப் பேசும்போது பிள்ளைகளும், இந்தக் கழுகைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பிறகு.

வாட்ஸ்ஆப்ல வந்த இந்தக் கழுகுப் படம் நிஜமா, ஏ.ஐ. செஞ்சதா? அலகு இவ்வளவு பெருசா இருக்குமா?

நிஜம்தான். ஸ்டெல்லர் கடற்கழுகை முதன்முதலாகப் பார்ப்பவர் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். இன்று உலகில் இருக்கும் கழுகுகளில் மிகப் பெரிய அலகு இதனுடையது. நீளத்தைவிட அதன் உயரம்தான் கண்ணைப் பறிக்கும். நெற்றியிலிருந்தே வளைந்து எழும்பி, முன்னால் வந்து கொக்கியாக இறங்கும். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் அலகோடு நிற்காமல் வாயின் ஓரம் வழியாகக் கண்ணுக்குக் கீழ்வரை ஓடும். கால்களும் அதே மஞ்சள்.

உடம்பு கரும்பழுப்பு. தோள்பட்டை, வால், தொடை, நெற்றியில் ஒரு சிறு திட்டு ஆகியவை தூய வெள்ளை. இத்தனையும் ஒரே படத்தில் இருந்தால் வளர்ந்த ஸ்டெல்லர் கடற்கழுகு என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த நிறச் சேர்க்கை வேறு எந்தக் கழுகுக்கும் இல்லை.

இது எந்த நாட்டுப் பறவை?

குஞ்சு பொரிப்பது ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் மட்டும்தான். கம்சாட்கா தீபகற்பம், ஒக்கோட்ஸ்க் கடலின் கரையோரம், ஆமூர் ஆற்றின் கீழ்ப்பகுதி, சகாலின் தீவின் வடபகுதி, சாந்தார் தீவுகள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஒரு பெரும் பகுதி ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் குரில் தீவுகளுக்கும் இறங்கி வரும். படங்களில் நாம் பார்க்கும் கழுகுகள் பெரும்பாலும் ஹொக்கைடோவில் எடுக்கப்பட்டவை. அங்கே போவதும் எளிது, படகு வசதியும் உண்டு. அதனால் பலர் இதை ஜப்பான் கழுகு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

உலகத்திலேயே பெரிய கழுகு இதுதானா?

எடையை வைத்துப் பார்த்தால், சராசரியில் இதுதான் முதலிடம். பெண் 6.8 முதல் 9 கிலோ வரை இருக்கும். ஆண் சிறியது, 5 முதல் 6 கிலோ. வேட்டைப் பறவைகளில் பெண் பெரிதாக இருப்பது வழக்கம்தான். இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 2 முதல் 2.5 மீட்டர்.

உடல் நீளத்தில் பிலிப்பைன்ஸ் கழுகு இதை மிஞ்சும். தென் அமெரிக்காவின் ஹார்ப்பி கழுகில் பெரிய பெண்கள் எடையில் கிட்டத்தட்ட இதற்கு இணையாக வரும். அதனால் "மிகப் பெரியது" என்று யாராவது சொன்னால் எந்த அளவில் என்று கேட்டுக்கொள்வது நல்லது. காண்டோர் போன்றவை இன்னும் பெரியவை, ஆனால் அவை பிணந்தின்னிகள், வேறு கூட்டம்.

ஸ்டெல்லர்னா யாரு?

கியோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர், 1709-இல் பிறந்த ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர். விட்டஸ் பெரிங் தலைமையில் கம்சாட்காவிலிருந்து அலாஸ்காவைத் தேடிப் புறப்பட்ட ரஷ்யக் கப்பலில் 1741-இல் போனவர். திரும்பும் வழியில் கப்பல் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. பெரிங் அங்கேயே இறந்தார். ஸ்டெல்லரும் மீதமிருந்தவர்களும் அங்கே குளிர்காலத்தைக் கழித்து, உடைந்த கப்பலின் மரத்தில் சின்னக் கப்பல் ஒன்று கட்டிக்கொண்டு மறு ஆண்டு திரும்பினார்கள். 1746-இல், சைபீரியா வழியாக ஊர் திரும்பும்போது, முப்பத்தேழு வயதில் ஸ்டெல்லர் இறந்துபோனார். இந்தக் கழுகுக்கு அறிவியல் முறைப்படி பெயரிட்டவர் பீட்டர் சைமன் பல்லாஸ், 1811-இல்.

அந்தத் தீவில் ஸ்டெல்லர் பார்த்து எழுதிவைத்த பெரிய கடற்பசு, கண்டுபிடித்து முப்பது ஆண்டுகூட ஆகாமல் 1768-க்குள் வேட்டையாடி அழிக்கப்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய கழுகாவது இன்னும் பறந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

நம்ம கடற்கரையில மீன் தூக்குற பெரிய கழுகும் இதுவும் ஒண்ணா?

இல்லை. தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையிலும் பார்ப்பது வெண்வயிற்றுக் கடற்கழுகு. தலையும் வயிறும் வெள்ளை, முதுகு சாம்பல், எடையில் ஸ்டெல்லர் கழுகின் பாதி அளவுதான். இரண்டும் நெருங்கிய உறவு. ஆப்பு வடிவ வாலைக் கவனித்தால் அந்த உறவு தெரியும். ஸ்டெல்லர் கடற்கழுகு இந்தியாவுக்கு வருவதில்லை. அதன் உறவான வெண்வால் கடற்கழுகு குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு வரும்.

நம் ஏரிகளில் தொபுக்கென்று நீரில் விழுந்து மீன் பிடிக்கும் விராலடிப்பான் என்ற பறவை, கழுகுக் கூட்டத்திலேயே சேராது. அது தனிக் குடும்பம்.

அமெரிக்கா சின்னத்துல இருக்கிற கழுகு?

அது வெண்தலைக் கழுகு. தலை முழுக்க வெள்ளை, தோள் கருப்பு. ஸ்டெல்லருக்கு நேர்மாறு: தலை கருப்பு, தோள் வெள்ளை. தூரத்தில் பறக்கும்போதுகூட இந்த ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம்.

மீன் மட்டும்தான் சாப்பிடுமா?

முக்கிய உணவு மீன். அதிலும் சால்மன். இந்தப் பறவையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சால்மனைப் புரிந்துகொள்ள வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்தப் பதில்தான் அடிப்படை.

பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வரும். முட்டையிட்டதும் செத்துவிடும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கம்சாட்கா ஆறுகளில் இந்த மீன்கள் லட்சக்கணக்கில் ஏறும். உயிரோடு ஏறும்போது கழுகு பிடிக்கும். முட்டையிட்டுக் களைத்து ஆழமில்லாத இடத்தில் தள்ளாடும்போது இன்னும் எளிதாகப் பிடிக்கும். செத்து ஒதுங்கியதையும் தின்னும். கடலில் விளைந்த சத்து முழுவதும் மீனின் உடம்பாகி, மலைக்காட்டு ஓடைவரை தானாக வந்து சேர்கிறது. இவ்வளவு பெரிய கழுகு இவ்வளவு குளிரான நாட்டில் வாழ முடிவது இதனால்தான்.

சால்மன் இல்லாத நாட்களில் வாத்து, கடற்காகம் போன்ற நீர்ப்பறவைகள், கடல்நாய்க் குட்டி, கரையில் ஒதுங்கிய எதுவானாலும் தின்னும். செத்த மானையும் தின்னும். அந்த மான் விஷயம் தனிக்கதை, பின்னால் வருகிறது.

அவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு எப்படி மீன் பிடிக்குது?

பெரும்பாலும் பொறுமையாகக் காத்திருந்துதான். ஆற்றோர மரத்திலோ பாறையிலோ உட்கார்ந்து, மீன் மேலே வரும்போது சரிந்து இறங்கிக் காலால் அள்ளும். தண்ணீருக்கு ஆறேழு மீட்டர் மேலே வட்டமிட்டும் தேடும். மணல்திட்டிலோ பனிக்கட்டி விளிம்பிலோ நின்றுகொண்டு, பக்கத்தில் போகும் மீனைப் பற்றுவதும் உண்டு. உள்ளங்காலில் முள்முள்ளாகச் சொரசொரப்பு இருப்பதால் வழுக்கும் மீன் நழுவாது.

மீனைப் பிடிப்பது கால். அலகின் வேலை அதற்குப் பிறகு. ஒரு காலால் மீனைப் பனியில் அழுத்திப் பிடித்து, செவுளுக்குப் பக்கம் கொக்கியை இறக்கி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் பட்டை பட்டையாகக் கிழிக்கும். தடித்த தோலையும் உறைந்த சதையையும் கிழிக்க அந்தக் கனமான அலகு உதவுகிறது.

ஆட்டுக்குட்டி, சின்னப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுமா?

போகாது. பறக்கும் பறவை தன் எடைக்கு மேல் சுமந்துகொண்டு நீரிலிருந்தோ தரையிலிருந்தோ எழும்புவது மிகக் கடினம். ஸ்டெல்லர் கழுகே ஐந்து முதல் ஒன்பது கிலோதான். பெரிய சால்மன் சிக்கினால் தூக்கப் பார்க்காது, கரைக்கோ பனிக்கட்டிக்கோ இழுத்துக்கொண்டு போய் அங்கேயே தின்னும். இணையத்தில் குழந்தையைத் தூக்கும் கழுகு என்று சுற்றும் வீடியோவை நம்ப வேண்டாம், பகிரவும் வேண்டாம். வேட்டைப் பறவைகள் மேல் வீண் பகை வளர்வது இப்படித்தான்.

கூடு எங்க கட்டும்? எத்தனை குஞ்சு?

ஆற்றோரத்திலோ கடலோரத்திலோ உயரமான மரத்தில், சில இடங்களில் பாறை முகட்டில். குச்சிகளை அடுக்கி, ஆண்டுதோறும் மேலே மேலே சேர்க்கும். பழைய கூடு இரண்டரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் வரை போகும். பாரம் தாங்காமல் கூடு சரிவதும் நடக்கும். அதனால் பக்கத்திலேயே மாற்றுக் கூடு ஒன்றும் வைத்திருக்கும்.

ஏப்ரல், மே வாக்கில் முட்டை. ஒன்று முதல் மூன்று, வழக்கமாக இரண்டு. ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாக்கும். குஞ்சுகள் ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டை விட்டுப் பறக்கும். பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். குஞ்சு வேகமாக வளரும் மாதங்களும் ஆறுகளில் சால்மன் ஏறும் மாதங்களும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். சகாலினில் பழுப்புக் கரடிகள் மரமேறிக் குஞ்சுகளைத் தின்றுவிடுகின்றன. அங்கே இது பெரிய இழப்பு.

குளிர்காலத்துல எல்லாமே ஜப்பானுக்குப் போயிடுமா?

எல்லாமே போகாது. தண்ணீர் உறையாமல் மீன் கிடைக்கும் இடத்தில் தங்கிவிடும். கம்சாட்காவின் தென்முனையில் உள்ள குரில் ஏரி இதற்குப் பெயர் போனது. ஆசியாவில் சாக்கை சால்மன் பெருவாரியாக முட்டையிடும் ஏரி அது. குளிர்காலத்திலும் அங்கே மீன் இருப்பதால் நூற்றுக்கணக்கில் கழுகுகள் கூடும்.

ஒக்கோட்ஸ்க் கரை, ஆமூர், சகாலின் பகுதிக் கழுகுகளுக்கு அந்த வசதி இல்லை. ஆறும் கடலோரமும் உறைந்துவிடும். அவை தெற்கே இறங்கி டிசம்பர், ஜனவரியில் ஹொக்கைடோ வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பும். ஹொக்கைடோவுக்கு வருபவை ஏறக்குறைய இரண்டாயிரம் என்று கணக்கு. உலகில் உள்ள மொத்தத்தில் இது மிகப் பெரிய பங்கு.

பனிக்கட்டி மேல இத்தனை கழுகு ஒண்ணா உட்கார்ந்திருக்கே, சண்டை போடாதா?

போடும், ஓயாமல். ஒரு கழுகு மீனோடு இறங்கினால் சுற்றியுள்ளவை இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். மற்றதன் மீனைப் பறிப்பது இவற்றுக்கு ஒரு பிழைப்பு வழி. வெண்வால் கடற்கழுகுகளும் அதே பனிக்கட்டியில் இருக்கும், உருவத்தில் பெரிய ஸ்டெல்லர் அவற்றை எளிதாக விரட்டும். ஆனாலும் கொல்லும் அளவுக்குச் சண்டை போவது அரிது. அதட்டல், ஒரு குதிப்பு, கனத்த குரைப்பு போன்ற சத்தம், அதோடு சரி.

பழுப்பா, வெள்ளையே இல்லாம ஒண்ணு இருந்துச்சு. அது வேற இனமா?

வால் வெளுப்பாகவும் திட்டுத்திட்டாகவும் இருந்திருந்தால் அது இளசு. தோளில் பளிச்சென்ற வெள்ளை வர நான்கைந்து ஆண்டு ஆகும். அலகின் அளவைப் பார்த்தால் இளசையும் அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. வளர்ந்த பிறகும் வாலைத் தவிர எங்கும் வெள்ளை இல்லாத கழுகுகள் கொரியாவில் இருந்ததாகப் பழைய பதிவுகள் உள்ளன. அவற்றைத் தனித் துணையினமாக நெடுங்காலம் கருதினார்கள். 1968-க்குப் பிறகு தென்படாததால் அழிந்துவிட்டது என்றே எழுதினார்கள். பிறகு 2001-இல், கூண்டில் வளர்ந்த வழக்கமான நிறமுள்ள ஜோடிக்கு அதே கருநிறத்தில் ஒரு பெண் குஞ்சு பிறந்தது. ஆகவே அது தனித் துணையினம் இல்லை, மிக அரிதாக வரும் நிற வேறுபாடு என்று தெளிவானது.

ஒரு கழுகு அமெரிக்காவைச் சுத்தி வந்துச்சாமே, உண்மையா?

உண்மை. 2020-இல் அலாஸ்காவின் உட்பகுதியில் ஒன்றைப் பார்த்தார்கள். 2021 மார்ச்சில் டெக்சாஸில் ஒன்று. அதே ஆண்டு கிழக்குக் கனடாவில் கியூபெக், நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா, டிசம்பரில் மாசசூசெட்ஸ், பிறகு மெய்ன், அதன்பின் நியூஃபவுண்ட்லாந்து. இறக்கையில் உள்ள வெள்ளைத் திட்டின் அமைப்பைப் படங்களில் ஒப்பிட்டு, ஒரே பறவைதான் என்று அடையாளம் கண்டார்கள்.

புயலில் சிக்கியோ வழி தவறியோ பறவைகள் இப்படி விலகிப் போவது உண்டு. இதில் வியப்பு அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததுதான். அது நிலைகொண்ட இடங்களைப் பாருங்கள்: குளிர்ந்த கடலோரம், மீன், பக்கத்தில் வெண்தலைக் கழுகுகள். ஊர் வேறானாலும் தேவையான சாப்பாடு கிடைத்துவிட்டது.

இதையும் வேட்டையாடினாங்களா?

ஆமாம், இறகுக்காக. மற்ற கடற்கழுகுகளுக்கு வால் இறகு பன்னிரண்டு, இதற்குப் பதினான்கு. அம்புக்குக் கட்ட இந்த வெள்ளை வால் இறகுகளை ஜப்பானியப் போர்வீரர்கள் பெரிதும் விரும்பினார்கள். ஹொக்கைடோவின் தொல்குடிகளான ஐனு மக்கள் கழுகு இறகைக் கொடுத்து அரிசி, இரும்புச் சாமான் போன்றவற்றை வாங்கினார்கள். நூற்றாண்டுகள் நடந்த வணிகம் அது. இன்று ஜப்பானில் இது தேசிய இயற்கைச் சின்னம், ரஷ்யாவிலும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இப்ப எத்தனை இருக்கு? அழியப் போகுதா?

உலகம் முழுக்கச் சேர்த்து ஐந்தாயிரத்தை ஒட்டித்தான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவுக்கு எளிதில் உள்ளாகும் இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது, எண்ணிக்கை குறைந்துவருகிறது.

மெதுவாகப் பெருகும் பறவை. ஆண்டுக்கு ஒரு குஞ்சு தேறினால் பெரிது, அதுவும் முட்டையிடும் வயதுக்கு வரச் சில ஆண்டு ஆகும். ஒரு வளர்ந்த கழுகு செத்தால் அந்த இடம் நிரம்ப நெடுநாள் பிடிக்கும். ஆற்றில் மீன்பிடிப்பு கூடுவது, சகாலின் கரையோர எண்ணெய், எரிவாயுப் பணிகள், வெள்ளத்தால் ஆறு கலங்கி மீன் கண்ணில் படாமல் போவது என ஆபத்துகள் பல. ஆனால் முழுக்க மனிதர் கையில் இருப்பதும், நிறுத்த முடிவதும் அடுத்த கேள்வியில் உள்ளது.

மான் தின்னா கழுகு சாகுமாமே? அது எப்படி?

மானால் இல்லை, மானைச் சுட்ட ஈயத் தோட்டாவால். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹொக்கைடோவின் கிழக்கே நெமுரோ நீரிணையில் பொல்லாக் மீன்பிடிப்பு ஓஹோவென்று நடந்த காலத்தில், வலையிலிருந்து சிந்துவதையும் கழிப்பதையும் தின்றே கழுகுகள் குளிர்காலத்தை ஓட்டின. 1990-களில் அந்த மீன்வளம் சரிந்தது. அதே சமயம் ஹொக்கைடோவில் சிக்கா மான்கள் பெருகி, வேட்டையும் கூடியது. வேட்டைக்காரர்கள் நல்ல இறைச்சியை அறுத்துக்கொண்டு மீதியைக் காட்டிலேயே விட்டார்கள். மீன் போன கழுகுகள் மலைக்குத் திரும்பின. ஈயத் தோட்டா மானின் உடம்பில் பட்டதும் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சதையில் பரவும். காயத்தைச் சுற்றியுள்ள மென்மையான சதையைத்தான் கழுகு முதலில் தின்னும். வயிற்று அமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறும். இரத்தம் கெடும், நரம்பு தளரும், எச்சம் பச்சையாகும், இறக்கை தொங்கும், பறக்க முடியாமல் பனியில் உட்கார்ந்தபடியே சாகும். குஷிரோவில் உள்ள வனவிலங்கு மையத்துக்குக் கொண்டுவந்த கழுகுகளை எக்ஸ்ரே எடுத்தபோது வயிற்றில் ஈயத் துணுக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

மான் வேட்டையில் ஈய ரைஃபிள் தோட்டாவை ஹொக்கைடோ 2000-இல் தடை செய்தது. அடுத்தடுத்து விதிகளைக் கடுமையாக்கி, 2014-இல் வேட்டையின்போது கையில் வைத்திருப்பதையே தடுத்தது. இருந்தும் ஈய நஞ்சு முழுதாக நிற்கவில்லை. செம்புத் தோட்டா மானை நன்றாகவே வீழ்த்தும், துணுக்காகச் சிதறாது. மாற்று கையிலிருக்கும்போது ஈயத்தைத் தொடர்வதற்கு ஒரு நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ரயில், காற்றாலைனு சொல்றாங்களே?

அதுவும் உண்டு. ரயிலில் அடிபட்ட மானைத் தின்ன தண்டவாளத்தில் இறங்கும் கழுகு அடுத்த ரயிலில் அடிபடும். மான் சடலத்தை உடனே அப்புறப்படுத்தினால் தடுக்கலாம். காற்றாலையில் ஹொக்கைடோவில் அதிகம் அடிபடுவது வெண்வால் கடற்கழுகு. மின்கம்பத்தில் ஷாக் அடித்துச் சாவதும் நடக்கிறது, கம்பத்தின் மேல் உட்கார விடாத தடுப்புகளைப் பொருத்தி வருகிறார்கள்.

படகுல போய் மீன் போட்டுப் படம் எடுக்கிறாங்களே, அது தப்பா?

ஹொக்கைடோவில் ஷிரெட்டோகோ தீபகற்பத்தின் ரௌசு துறைமுகத்திலிருந்து பிப்ரவரியில் விடியற்காலையில் படகுகள் கிளம்பும். வடக்கேயிருந்து மிதந்துவரும் பனிப்பாளங்களுக்கு நடுவே போய் மீனை வீசுவார்கள், கழுகுகள் இறங்கும். நாம் வியக்கும் படங்களில் பல இப்படி எடுத்தவை.

எளிதில் தப்பு என்று தீர்த்துவிட மாட்டேன். மான் பற்றிய கேள்வியில் சொன்னபடி, அங்கே கழுகுகள் மீனவர்கள் சிந்திய மீனைத் தின்று பழகியவை. மீன் தின்னும் கழுகு அந்த நேரத்துக்கு ஈயமுள்ள மானைத் தின்னாது. படகுத் தொழில் ஓடும்வரை அந்த ஊருக்கும் கழுகு உயிரோடு இருப்பதில் அக்கறை இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கூடினால் பறவைக் காய்ச்சல் போன்ற நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எளிதில் பரவும். மனிதர் கையை எதிர்பார்த்து வாழும் பழக்கமும் நல்லதில்லை. என்னைக் கேட்டால், வீசும் மீனுக்கு அளவு வேண்டும், படகுகள் நெருங்கும் தூரத்துக்கும் எல்லை வேண்டும்.

சரி, நேர்ல பாக்கணும்னா எப்ப, எங்க போகலாம்?

ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரை, கிழக்கு ஹொக்கைடோ. ரௌசுவில் பனிப்பாளம் வருவது காற்றைப் பொறுத்தது, ஒரு நாள் கரையை ஒட்டி நிற்கும், மறுநாள் காணாமல் போகும். அதனால் இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு வேண்டாம் என்றால் நெமுரோவுக்குப் பக்கம் உள்ள ஃபூரென் ஏரி. உறைந்த ஏரியில் துளை போட்டு வலை இறக்கும் மீனவர்கள், விலை போகாத மீனைப் பனியிலேயே விட்டுவிடுவார்கள். கழுகுகள் காலையிலேயே வந்து காத்திருக்கும். கரையில் நின்று தொலைநோக்கி வழியாகப் பார்க்கலாம். பனியில் இறங்கி நெருங்கிப் போகாதீர்கள். எழுப்பி விரட்டினால் அந்தக் குளிரில் அது சேர்த்துவைத்த சக்தி வீணாகும்.